மாதாவை வாசலில் நிறுத்தியவன்

பிப்ரவரி 3

பாசமுள்ள என் ஊமைத் தம்பிக்கு,

வாயாடி அக்கா எழுதிக்கொண்டது. ஆண்டவர் தயவில் நான் நலம. நீ நலமா என்று கேட்டால் பதில் வராது. அதனால் நலம் என்று நானே போட்டுக்கொள்கிறேன். நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. அந்த அணைக்கட்டில் டவர் எட்டாது, போன் பேச முடியாது என்றாய். சரி. கடிதத்துக்குமா டவர் வேண்டும்?

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். முதல் வரியிலேயே ஒரு புள்ளி விட்டிருப்பேன், தேடிப் பார். பிழையைப் பார்த்துச் சிரி. சிரித்த வாயோடு இரண்டு வரி எழுதிப் போடு.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் புது இஸ்திரி மெஷின் வந்திருக்கிறது. ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் காகிதம் மாதிரி வருகிறது. நன்றாக உழைக்கிறது, ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதற்கு உன் பட்டப்பெயரையே வைத்துவிட்டேன்.

நம் அன்பியம் ஜெபக்கூட்டம் வழக்கம்போலப் புதன்கிழமை ஆறரைக்குக் கூடுகிறது. பத்து வீடும் அப்படியே இருக்கிறது. டெய்லர் அண்ணன்தான் இன்னும் தலைவர், வேறு யாரும் அந்தத் தலைவலியை வாங்கிக்கொள்ளத் தயாரில்லை. பிளம்பர் இன்னும் பாடுகிறார். மாதா இன்னும் பொறுத்துக்கொள்கிறார். போன வாரம் எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். “ஒழுங்கா சாப்பிடறானா?” என்று ரிட்டயர்டு டீச்சர் கேட்டார். “எங்க மேல இன்னும் கோவமாம்மா?” என்று டெய்லர் கேட்டார். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்கு நீதான் சொல்ல வேண்டும்.

அங்கே பக்கத்தில் கோயில் உண்டா? ஞாயிறு பூசைக்கு என்ன செய்கிறாய்?

என் வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருஷம். உன் வீட்டுக்காரி போய்ப் பதினான்கு மாதம். மிச்சம் இருப்பது நாம் இரண்டு பேர்தான். நீ பேசாவிட்டால் குடும்பத்தில் பாதிப்பேர் பேசவில்லை என்று அர்த்தம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே நான்கு பம்புகள். இரண்டு ஓடும், இரண்டு ஓய்வில் இருக்கும். மணிக்கு ஒரு முறை நீர்மட்டம் பார்த்து எழுத வேண்டும். குடியிருப்பில் என்னையும் சேர்த்து ஏழு பேர். கேன்டீனில் சாப்பாடு பரவாயில்லை. சமையல்காரர் வாயைத் திறந்தால் வசவுதான்.

கோயில் முப்பத்தெட்டு கிலோமீட்டர். பஸ் இல்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மாலையில் மீட்டர் அறையில் தனியாக ஜெபமாலை சொல்லிக்கொள்கிறேன். கடவுளை நம்புவதற்குப் பத்து வீடு தேவையில்லை என்பது என் அனுபவம்.

இன்னொன்று. அன்பியத்தில் என் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வதாக முன்பு சொன்னாய். அது வேண்டாம்.

தம்பி


மார்ச் 2

என் துறவித் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு நல்லது என்று உப்பில்லாமல் எழுதினாயோ?

நீ சொன்னபடியே செய்துவிட்டோம். டெய்லர் அண்ணன் ஜெப நோட்டில் உன் பெயரின் மேல் கோடு போட்டார். கோடு போட அவருக்கு மனசு வரவில்லை. துணி வெட்டக்கூட இத்தனை நேரம் யோசிக்க மாட்டார். “அடிக்கவா? நிஜமா அடிக்கவா?” என்று மூன்று தடவை கேட்டார். “அடிங்க, அவன் கேட்டது இதைத்தான்” என்றேன்.

உன் கோபம் எனக்குத் தெரியாதா? நாற்பது நாள் உன் வீட்டுக்கு வந்தார்கள். உன் வீட்டுக்காரி கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஜெபித்தார்கள். “கண்டிப்பா எழுந்து உட்காருவா பாருங்க” என்று பிளம்பர் வேறு சொல்லிவைத்தார். நாற்பத்தொன்றாம் நாள் அவள் போய்விட்டாள். கல்லறையில் மண் காயுமுன்னே, “இனிமே ஜெபம் பண்றேன்னு எவனும் என் வீட்டு வாசலை மிதிக்காதீங்க” என்று சொன்னாய். டெய்லர் முகத்துக்கு நேராகச் சொன்னாய்.

அவர்கள் அதன் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? வாசலை மிதிக்கவில்லை. கொல்லைப்பக்கம் போனார்கள். உன் வீட்டுக் குழாய் ஒழுகி நின்றதே, அது தானாக நின்றது என்றா நினைத்தாய்? பிளம்பர் மதில் ஏறிக் குதித்துச் சரிசெய்துவிட்டுப் போனார். “ஜெபம் பண்ணலைம்மா, வாஷர்தான் மாத்தினேன்” என்றார் என்னிடம். நம் ஆட்களைப் பற்றி நான் பெருமையடித்தால் உனக்குப் பிடிக்காது. ஆனாலும் அடிப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்தச் சமையல்காரருக்கு என் வணக்கம் சொல்.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

குழாய் விஷயம் எனக்குத் தெரியாது. பிளம்பருக்கு நன்றி சொல்.

நேற்று இங்கே ஒரு விஷயம் நடந்தது. உனக்குச் சிரிப்பு வரும் என்றுதான் எழுதுகிறேன். மாலை ஆறு மணி நீர்மட்டம் எழுதிவிட்டு வழக்கம்போல ஜெபமாலை எடுத்தேன். மீட்டர் அறைக்கும் கேன்டீன் அடுப்படிக்கும் நடுவே ஒரே சுவர், மேலே ஜன்னல். மூன்றாவது மணியில் இருக்கும்போது அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று டமார் என்று விழுந்தது. ஜன்னலில் சமையல்காரர் தலை.

“யோவ்! மீதியை யாருய்யா சொல்லுவா?”

“எந்த மீதி?”

“ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கேன். ‘அருள் நிறைந்த மரியே’ன்னு ஆரம்பிக்கிறே, ‘இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே’ வரைக்கும் வர்றே, அப்புறம் கம்முனு ஆயிடறே. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கிறே. மாதாவை வாசல் வரைக்கும் கூப்பிட்டுட்டு மூஞ்சில கதவைச் சாத்தற மாதிரி இருக்குய்யா! எனக்குக் கை வேலை ஓட மாட்டேங்குது!”

அக்கா, அதுவரை அது எனக்கே தெரியாது. இருபத்திரண்டு வருஷம் முன்பாதியை நான் சொல்வேன், பின்பாதியை என் வீட்டுக்காரி சொல்வாள். இங்கே வந்த பிறகும் என் பாதியை மட்டும் சொல்லிவிட்டு, ஒருவர் பதில் சொல்லி முடிக்கும் நேரம் வரை நிறுத்தி, அடுத்ததைத் தொடங்கியிருக்கிறேன்.

நான் ஜெபமாலையைப் பிடித்தபடி நின்றதைப் பார்த்து அந்த மனிதர் கரண்டியோடு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, “அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே” என்று பழைய காலத்து வார்த்தைகளில் மீதியை ரயில் வேகத்தில் சொல்லி முடித்தார். “ம், அடுத்தது சொல்லு. அடுப்பு காயுது” என்றார்.

அவ்வளவுதான்.

தம்பி


ஏப்ரல் 10

என் பாதி ஜெபத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் புதன்கிழமை எல்லோர் முன்னாலும் படித்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய். திட்டுவதாக இருந்தால் முழுப்பக்கம் திட்டு, அதையும் படித்துக்காட்டுகிறேன்.

மாதா மூஞ்சில கதவு என்ற இடத்தில் டெய்லர் அண்ணன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஊசி எங்கே போனது என்று இன்னும் தேடுகிறோம். யாரும் பாயில் உட்கார மாட்டேன் என்கிறார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “பாதியில நிறுத்தினான்னு சொல்லாதீங்க. அவளுக்கு இடம் விட்டிருக்கான்” என்றார்.

அந்தச் சமையல்காரர் பெரிய மனுஷன்டா. நாங்கள் பத்து வீட்டுக்காரர்கள் பதமாகப் பேசிச் செய்ய முடியாததை ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு செய்துவிட்டார். வசவோடு வந்தாலும் அது துணைதான். நாளையிலிருந்து மீட்டர் அறையில் உட்காராதே. அடுப்படி வாசலில் போய் நின்று உன் பாதியைச் சொல். இது அக்கா கட்டளை.

எனக்கு ஒன்றுமில்லை. வெயில், கொஞ்சம் அசதி. கை எழுத்து கோணலாக வந்தால் கண்டுகொள்ளாதே, பேனா சரியில்லை.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பேனா மாற்றினாயா?

கட்டளைப்படி அடுப்படி வாசலுக்குப் போனேன். முதல் வாரம் நாங்கள் இருவர். அவர் காய் நறுக்கிக்கொண்டே பதில் சொல்வார். இரண்டாவது வாரம் தண்ணீர் லாரி டிரைவர், “நீங்க என்ன தினமும் சண்டை போட்டுக்கறீங்களா?” என்று எட்டிப் பார்த்தார். சமையல்காரர் சொல்கிற தொனியில் அது சண்டை மாதிரிதான் கேட்கும். டிரைவரும் நம் சபைக்காரர்தானாம். உட்கார்ந்துவிட்டார். இப்போது வால்வு இயக்குபவரின் மனைவியும் வருகிறாள். நான்கு பேர்.

இதில் ஒரு சங்கடம். எனக்குத் தலைவலி என்று ஒருநாள் போகவில்லை. ஆறே காலுக்கு மூன்று பேரும் என் அறை வாசலில் நிற்கிறார்கள். “தலைவலின்னா அங்க வந்து படு. நாங்க சொல்றோம், நீ கேளு” என்றார் சமையல்காரர். படுத்துக்கொண்டு கேட்டேன். டிரைவர் முன்பாதியில் இரண்டு இடம் தப்பு. சிரித்துவிட்டேன். எத்தனை மாதம் கழித்துச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

சமையல்காரர் இருபது வருஷமாகக் கோயில் பக்கமே போனதில்லையாம். ஏன் என்று கேட்டேன். “அடுப்பு அணையுது” என்று உள்ளே போய்விட்டார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன். உண்மையாகவே எதிர்பார்க்கிறேன்.

தம்பி


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதி நான்கு வாரமாகியும் உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. நான் ஐந்து வாரம் எழுதாமல் இருந்தபோது என்னை ஊமை என்றாய். இப்போது நான் உன்னை என்னவென்று கூப்பிடுவது?

கோபமாக இருந்தாலும் கோபம் என்று ஒரு வார்த்தை எழுது.

தம்பி


ஜூலை 4

அன்புத் தம்பிக்கு டெய்லர் எழுதும் கடிதம்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடு இருக்கட்டும். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வேண்டிக்கொள்கிறேன் என்று எழுத வந்து, நீங்கள் சொன்னது நினைவு வந்ததால் விரும்புகிறேன் என்று எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் அக்கா மே 20 அன்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். வயிற்றில் கட்டி. ஆபரேஷன் நடந்து இப்போது வீட்டில் இருக்கிறார்கள். எழுந்து நடக்கிறார்கள். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று எங்கள் பத்து வீட்டுக்கும் கண்டிப்பான உத்தரவு. ஜூன் மாதம் வந்த உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்ததை டீச்சர் பார்த்துவிட்டு வந்து, “தலைவரே, இந்த ஒரு உத்தரவை மீறுங்க. பாவம் என் தலையில இருக்கட்டும்” என்றார். அதனால் எழுதுகிறேன்.

அக்காவைத் தனியாக விடவில்லை. பகலில் டீச்சர், மாலையில் என் மனைவி. சாப்பாடு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை. ஞாயிறுதோறும் சாமியார் நற்கருணை கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் அக்கா படுத்த விரிப்பு அவர்களே மடித்ததாம். “மடிப்பைப் பாருங்க அண்ணே, ஒரு நூல் பிசகில்லை. நோயாளி கொடுத்துவச்சவ” என்றார்கள். மயக்கம் தெளிந்ததும் பேசிய முதல் பேச்சு அது.

கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு ஆகஸ்டு 5, திங்கட்கிழமை.

அன்று கல்லறையில் நீங்கள் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் கத்தரிக்கோலோடு பேசியிருப்பேன்.

டெய்லர்


ஜூலை 12

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? பத்து வீட்டுக்குத் தெரியும், இஸ்திரி மெஷினுக்குக்கூடத் தெரிந்திருக்கும், கூடப் பிறந்தவனுக்குத் தெரியாது. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நான் இங்கே தலைவலிக்குப் படுத்துச் சிரித்ததாக உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

நீர்வரத்து அதிகம். மாற்று ஆள் வராமல் நகர முடியாது. கேட்டிருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை? அதற்கு மட்டும் பதில் எழுது.

தம்பி


ஜூலை 21

என் கோபக்காரத் தம்பிக்கு,

தையல் பிரித்தாயிற்று. அரை ரொட்டி சாப்பிடுகிறேன். மீதி அரையைப் பிளம்பர் சாப்பிடுகிறார். நோயாளியைப் பார்க்க வருகிறவருக்குப் பசிக்குமாம்.

டெய்லருக்கு நல்ல அர்ச்சனை கொடுத்தேன். தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, “இன்னொரு லெட்டர் போடணுமாம்மா?” என்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில். தனியாக இருக்க வேண்டும் என்று நீதான் கேட்டாய். கொடுத்தேன். உன் பெயரை எடுக்கச் சொன்னாய். எடுத்தோம். ஜெபம் வேண்டாம், சேதி மட்டும் வேண்டும் என்றால் எப்படி? இரண்டும் ஒரே கூடையில் வருகிற சாமான். நாங்கள் இங்கே யாருக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்வதே புதன்கிழமை அதைச் சொல்லி முழங்கால் போடுவதற்குத்தான்.

இப்படி எழுதிவிட்டு இரண்டு நாள் வைத்திருந்தேன். டீச்சர் படித்துவிட்டு, “இது நியாயம். உண்மையை எப்ப எழுதுவே?” என்றார். சரி, உண்மை.

பயம்டா. உன் வீட்டுக்காரிக்கு இவர்கள் ஜெபித்தார்கள், அவள் போனாள். நீ எங்களை விட்டாய். எனக்கும் இவர்களே ஜெபித்து நானும் போய்விட்டால், நீ ஆண்டவரையும் விட்டுவிடுவாய் என்று பயந்தேன். கட்டிக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை.

சமையல்காரரை விட்டுவிடாதே.

அக்கா


ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

மாற்று ஆள் சனிக்கிழமை வருகிறார். அன்று மாலை டிரைவர் தன் லாரியிலேயே என்னை ரயிலடியில் விடுகிறார். திங்கட்கிழமை உன்னோடு இருப்பேன்.

உன் கடிதத்தை அடுப்படியில் படித்தேன். படித்துக்காட்டவில்லை, ஆனால் சமையல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கினார். பிறகு நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவர்களிடம் சொன்னேன். உன்னிடமும் சொல்கிறேன்.

அந்த நாற்பது நாளும் மாலை ஆறு மணியானால் அவள் என்னைச் சீப்பு எடுக்கச் சொல்வாள். கையைத் தூக்க முடியாது, நான்தான் வாரிவிடுவேன். “அவங்க வர்ற நேரமாச்சு, முகத்தைத் துடைச்சு விடுங்க” என்பாள். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவள் ஆறரைக்கு வாசல் பக்கம் திரும்பிவிடுவாள். கடைசி நாளன்றும் திரும்பிப் படுத்திருந்தாள். பிளம்பர் பாடினார். அவள் சிரித்தாள்.

அவள் எழுந்து உட்காரவில்லை என்பதையே இருபது மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்ததால் அவள் தனியாகப் போகவில்லை என்பதை நினைக்கவில்லை.

உனக்கு என்ன முடிவு வந்தாலும் நான் ஆண்டவரை விடப் போவதில்லை. விட நினைத்தாலும் இங்கே மூன்று பேர் வாசலில் வந்து நிற்பார்கள்.

டெய்லர் அண்ணனிடம் என் பெயரைத் திரும்ப எழுதச் சொல்.

தம்பி


ஆகஸ்டு 8

மரியாதைக்குரிய சமையல்கார அண்ணனுக்கு,

உங்கள் வசவுக்கு ஆளானவனின் அக்கா வணக்கத்தோடு எழுதுவது. உங்களுக்கு உடம்பு சுகந்தானா? டிரைவரும் வால்வுக்காரர் வீட்டம்மாவும் நலமா? நான் மூன்றாம் வகுப்பு. நீங்கள் இரண்டாம் வகுப்பு என்று தம்பி சொன்னான். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை நீங்கள் அடுப்பைப் பற்றவைக்காமல் ஜெபிப்பதாகச் சொல்லியனுப்பினீர்கள். இங்கே நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

டாக்டர் அறைக்கு வெளியே நர்ஸ் வந்து, “கூட வந்தவங்க யாரு?” என்று கேட்டாள். பெஞ்சு காலியாகிவிட்டது. பதினோரு பேர் எழுந்து நின்றார்கள். “ஒருத்தர் மட்டும்தான் உள்ள வரலாம்” என்றாள். எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் அசையவில்லை. “போன தடவை என் வீட்டுக்காரி ரிசல்ட்டை நான் ஒருத்தனா கேட்டேன் சிஸ்டர். இன்னொரு தடவை என்னால முடியாது. இவங்களும் வரட்டும்” என்றான். அண்ணே, என் தம்பி பொது இடத்தில் இத்தனை பேசி நான் பார்த்ததில்லை. நர்ஸ் கதவை முழுசாகத் திறந்துவிட்டாள்.

உள்ளே நிற்க இடமில்லை. பிளம்பர் எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி நின்றார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இதுல நோயாளி யாரு?” என்றார்.

கட்டி கெட்டதுதானாம். முழுசாக எடுத்துவிட்டார்களாம். இன்னும் ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், அதன் பிறகுதான் உறுதியாகச் சொல்வாராம். தம்பி என் கையைப் பிடித்திருந்தான். டெய்லர் அண்ணன் அவன் தோளைப் பிடித்திருந்தார். ஆறு தடவைக்கும் யார் யார் வருவது என்று வெளியே வருவதற்குள் முறை போட்டுவிட்டார்கள்.

நேற்றுப் புதன்கிழமை. யாரும் கேட்கவில்லை, அவனே டெய்லரிடம் போய், “இன்னைக்குக் கூட்டம் எங்க வீட்ல வச்சுக்கலாமா அண்ணே?” என்றான். டெய்லர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஜெபமாலையில் பின்பாதியை எல்லோரோடும் சேர்ந்து அவனும் சொன்னான். முன்பாதியை டீச்சர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அவன் கிளம்பி அங்கே வருகிறான். அங்கே மூன்று பேர் காத்திருக்கிறார்களாம். எங்களிடமிருந்து அவனைப் பிடுங்கிக்கொண்டீர்கள். நன்றாக இருங்கள்.

ஒரு விஷயம் பாக்கி. கிளம்பும் முன் நீங்கள் அவனிடம் சொன்னதை அவன் எங்களிடம் சொன்னான், மன்னியுங்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு காய்ச்சலில் பூசைக்குப் போகவில்லையாம் நீங்கள். அடுத்த வாரம் சுகமாகியும், யாராவது வந்து கேட்கிறார்களா பார்க்கலாம் என்று வீட்டிலேயே இருந்தீர்களாம். ஒரு வாரம், நாலு வாரம், அப்படியே இருபது வருஷம். ஒருவரும் வந்து கேட்கவில்லையாம்.

அவர்கள் யாரோ எவரோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஒரே சபைதானே, அண்ணே. குற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று நேற்றுப் பத்து வீடும் சேர்ந்து பேசி முடிவுசெய்தோம். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். அவர்கள் எல்லோர் சார்பாகவும் கேட்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உங்களைக் காணோமே, அண்ணே. ஏன் வரவில்லை? உடம்புக்கு ஏதாவதா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
பத்து வீட்டுக்காரர்கள்